பூனை பழிவாங்குகிறதா?

உங்கள் வீட்டில் பூனை உண்டா? உண்டு என்றால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதாக இராது. காலையில் எழுந்து புத்தக அலமாரிப் பக்கம் போகிறீர்கள். குப்பென்று ஒரு நெடி மூக்கைத் துளைக்கிறது. குனிந்து பார்த்தால் அலமாரியின் பக்கப் பலகையில் ஓர் ஈரக் கோடு வழிந்து காய்ந்திருக்கிறது. குற்றவாளியோ ஜன்னல் திண்டில் உட்கார்ந்து ஒன்றும் அறியாததுபோல் முகம் கழுவிக்கொண்டிருக்கிறது!

உடனே வீட்டில் ஒரு நீதிமன்றம் கூடிவிடும். "நேற்று மீன் சட்டியை உருட்டியதற்கு அடித்தோம் அல்லவா, அதற்குத்தான் பழிவாங்குகிறது" என்பார் ஒருவர். "பூனைக்குத் திமிர் அதிகம்" என்பார் இன்னொருவர். தீர்ப்பும் உடனே வந்துவிடும். சாக்குப் பையில் போட்டு, இரண்டு ஊர் தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிடுவது! நம் ஊர்களில் பூனைக்குக் காலம் காலமாக வழங்கப்பட்டுவரும் தண்டனை இது. குற்றம் நிரூபிக்கப்பட்டதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பழிவாங்க வேண்டுமானால், "இந்த நாற்றம் மனிதர்களுக்குப் பிடிக்காது" என்பது பூனைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பூனைக்குத் தன் சிறுநீர் நாற்றமே அல்ல! அப்படியானால் அது ஏன் அலமாரியை நனைக்கிறது? இக்கேள்விக்கு விடை காண இரசாயனம், உயிரியல், பௌதிகம் மூன்றும் நமக்கு உதவுகின்றன. வாருங்கள், விசாரணையைத் தொடங்குவோம்.

நின்றதா, உட்கார்ந்ததா?

விஞ்ஞானத்தில் முதல் வேலை உற்றுநோக்கல். பூனை வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதில் இரண்டு வகைகள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. காரணமும் வேறு, மருந்தும் வேறு.

முதல் வகையில் பூனை நின்றுகொண்டிருக்கும். சுவர், கதவு, அலமாரி போன்ற செங்குத்தான ஒரு பரப்புக்குப் பின்புறத்தைக் காட்டி நிற்கும். வால் கொடிக்கம்பம்போல் நிமிர்ந்து, அதன் நுனி படபடவென்று நடுங்கும். பின்னங்கால்கள் தரையை மிதிப்பதுபோல் அசையும். கொஞ்சம் சிறுநீரைப் பின்னோக்கிப் பீச்சிவிட்டு நடந்துவிடும். மண்ணைப் பறித்து மூடும் வேலையெல்லாம் இதில் கிடையாது. இதை 'எல்லைக் குறியிடல்' என்கிறோம்.

இரண்டாவது வகையில் பூனை உட்காரும். தரை, மெத்தை, துணிமூட்டை, கோணி போன்ற கிடைப் பரப்பில் கால்களை மடக்கி அமர்ந்து கழிக்கும். அளவும் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். பின்பு சுற்றுமுற்றும் கால்களால் பறிக்கவும் செய்யும். இது குறியிடல் அல்ல. கழிப்பதற்குத் தகுந்த இடம் கிடைக்காத பூனை செய்யும் வேலை. அல்லது நோயுற்ற பூனை செய்யும் வேலை.

ஆகவே, அடிப்பதற்குக் கோலை எடுக்கும் முன்பு ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஈரம் சுவரிலா, தரையிலா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி விசாரணை முடிந்துவிடுகிறது.

வாசனையில் எழுதிய கடிதம்

முதலில் சுவர்க் குறியை எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் வளர்ந்தவர்கள் ஆட்டுக் கிடாவைக் கவனித்திருப்பீர்கள். பெட்டை ஆடு கழித்த இடத்தை முகர்ந்ததும் கிடா தலையை உயர்த்தி, மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டும். சிரிக்கிறது என்று சிறுவர்கள் கைகொட்டுவார்கள். அது சிரிப்பல்ல. வாயின் மேலண்ணத்துக்கு உள்ளே இருக்கும் இன்னொரு வாசனை உறுப்புக்குக் காற்றை அனுப்பும் முயற்சி. டென்மார்க் நாட்டு மருத்துவர் லுட்விக் ஜேக்கப்சன் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்ததால் அதை 'ஜேக்கப்சன் உறுப்பு' என்கிறார்கள். பூனைக்கும் இவ்வுறுப்பு உண்டு. மற்றொரு பூனையின் குறியை முகர்ந்தபின் பூனை வாயைச் சற்றே திறந்து, பிரமித்ததுபோல் சில விநாடி அசையாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்போது அது படித்துக்கொண்டிருக்கிறது!

எதைப் படிக்கிறது? பூனையின் சிறுநீரில் 'ஃபெலினின்' என்ற அமினோ அமிலம் இருக்கிறது. இதில் கந்தக அணு உண்டு. 1950-களின் தொடக்கத்திலேயே இது கண்டறியப்பட்டுவிட்டது. ஆனால் இது எப்படி உண்டாகிறது என்பது நெடுநாள் புதிராகவே இருந்தது. ஜப்பான் நாட்டின் மொரியோகா நகரிலுள்ள இவாத்தே பல்கலைக்கழகத்தின் மசாவோ மியாசாகியும் அவருடைய சகாக்களும் 2003-இல் 'காக்ஸின்' என்ற புரோட்டீனைப் பூனைச் சிறுநீரில் கண்டறிந்தார்கள். சிறுநீரகத்தில் உண்டாகிச் சிறுநீரோடு வெளியேறும் இந்தப் புரோட்டீன் ஓர் என்சைம், அதாவது நொதி. ஒரு கத்தரிக்கோல்போல் இது முன்பொருள் ஒன்றை வெட்டி ஃபெலினினை உண்டாக்குகிறது என்பதை 2006-இல் அவர்கள் வெளியிட்டார்கள்.

ஃபெலினினுக்குப் பெரிதாக மணம் கிடையாது. வெளியே வந்த பிறகு அது மெல்ல மெல்லச் சிதைகிறது. அப்போது 'தயால்' என்ற இனத்தைச் சேர்ந்த பொருள்கள் உண்டாகின்றன. ஒரு கந்தக அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த வாலை உடையவை தயால்கள். உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு தயால் சமையலறையிலேயே இருக்கிறது. சமையல் வாயுவுக்கு இயற்கையில் மணம் இல்லை. கசிவு தெரியவேண்டும் என்பதற்காக 'எத்தில் மெர்காப்டன்' என்ற தயாலைத் துளியளவு கலக்கிறார்கள். காற்றில் நூறு கோடிப் பங்குக்கு ஒரு சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைப் பிடித்துவிடும். பூனைக் குறி வீட்டையே தூக்கியடிப்பதன் இரகசியம் இதுதான்.

அளவு குறைவு, செறிவோ அதிகம். பூனையின் மூதாதையர் மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா ஆகிய வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப் பூனைகள். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் சிறுநீரகத்தை அவை தம் சந்ததிக்குக் கொடுத்துவிட்டுப் போயின. தூய நீரின் ஒப்படர்த்தி 1.000. நல்ல உடல்நிலையிலுள்ள பூனையின் சிறுநீருக்கு இது பெரும்பாலும் 1.035-க்கு மேல் இருக்கும். அதாவது, மிகக் குறைந்த நீரில் மிக அதிகமான பொருள்கள் கரைந்திருக்கின்றன.

காயடிக்காத கடுவன் பூனையின் சிறுநீரில் ஃபெலினின் மிக அதிகம். பெட்டையிலும் காயடித்த கடுவனிலும் வெகு குறைவு. அது மட்டுமல்ல. நாள் ஆக ஆக, சிதைவின் அளவுக்கேற்ப மணமும் மாறிக்கொண்டே போகிறது. எனவே சுவரில் இருப்பது அசிங்கம் அல்ல. கையொப்பமும் தேதியும் இட்ட கடிதம் எனலாம். "இங்கே நான் இருக்கிறேன். இந்நேரத்தில் இவ்வழியே போனேன்" என்பது அதன் வாசகம்.

கடிதம் யாருக்கு?

கடிதம் என்றால் முகவரி இருக்க வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வயதுக் கடுவன் ஒன்று திடீரென்று சுவர்களை நனைக்கத் தொடங்கியது. பழைய குறிகளும் புதிய குறிகளும் கலந்து எங்கும் நெடி. எது எந்த இடம் என்று மூக்கினால் பிரிக்க முடியவில்லை. அப்போதுதான் பௌதிகம் கைகொடுத்தது.

காய்ந்த சிறுநீரின் மீது புற ஊதாக் கதிர்கள் பட்டால் அது வெளிறிய மஞ்சள் அல்லது பச்சை கலந்த ஒளியை உமிழும். குறுகிய அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத கதிரை விழுங்கி, நீண்ட அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தரும் இந்நிகழ்ச்சியை 'உடனொளிர்தல்' என்கிறோம். அமெரிக்கப் பௌதிக விஞ்ஞானி ராபர்ட் வுட் 1903-இல் நிக்கல் ஆக்சைடு கலந்த கறுப்புக் கண்ணாடி ஒன்றை உருவாக்கினார். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து, 365 நானோமீட்டர், அதாவது 3650 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தை ஒட்டிய கதிர்களை மட்டும் அது வெளியே விட்டது. தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் 'வுட் விளக்கு' அதிலிருந்து பிறந்ததே. ரூபாய் நோட்டுகளைச் சோதிக்க விற்கும் சிறு கைவிளக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

இரவில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு அந்தக் கைவிளக்கோடு நானும் ஒன்பதாவது படிக்கும் என் மகளும் வீட்டைச் சுற்றி வந்தோம். ஒளிர்ந்த இடங்களைக் கட்டம் போட்ட தாளில் வரைந்த வீட்டுப் படத்தில் குறித்துக்கொண்டோம். ஓர் எச்சரிக்கை: சலவைத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள்களும் இதேபோல் ஒளிரும். துவைத்த திரைச்சீலை முழுவதும் பளபளத்தது! எனவே ஒளிர்ந்த இடத்தை முகர்ந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே குறித்தோம். இச்சோதனையைச் செய்பவர்கள் விளக்கைக் கண்ணுக்கு நேரே ஒருபோதும் பிடிக்கக் கூடாது.

படம் முடிந்ததும் விடை தானாகத் தெரிந்தது. குறிகள் எல்லாம் கொல்லைப் பக்கத்துக் கதவையும் ஜன்னலையும் ஒட்டியே இருந்தன. புத்தக அலமாரியும் அந்த ஜன்னலுக்கு அருகில்தான் நின்றது. மறுநாள் விடியற்காலை விழித்திருந்து பார்த்தோம். மதில்மேல் வேறொரு கடுவன் நிதானமாக நடந்துபோயிற்று. எங்கள் பூனை ஜன்னலுக்குள் நின்று அதைப் பார்த்துவிட்டு, நேரே அலமாரிக்குப் போய் வாலை உயர்த்தியது! கடிதம் எங்களுக்கு அல்ல. மதில்மேல் போனவருக்கு.

இங்கே வுட் அவர்களைப் பற்றி இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். 1903-இல் பிரான்ஸ் நாட்டின் நான்சி நகரப் பேராசிரியர் பிளாண்லோ, 'என்-கதிர்கள்' என்ற புதிய கதிர்களைக் கண்டதாக அறிவித்தார். 1904-இல் வுட் அந்தச் சோதனைச்சாலைக்கு நேரில் போனார். இருட்டறையில் சோதனை நடந்தபோது, கருவியின் முக்கியப் பாகமான முப்பட்டகத்தை யாரும் அறியாமல் எடுத்துத் தம்மிடம் வைத்துக்கொண்டார். அதன் பிறகும் கதிர்கள் தெரிவதாகவே அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! அவர்கள் பொய்யர்கள் அல்ல. பார்க்க விரும்பியதைப் பார்த்தார்கள். 'பூனை பழிவாங்குகிறது' என்பதும் நாம் வீட்டில் கண்டுபிடித்த ஓர் என்-கதிர்தான்.

குறியிடலுக்கு என்ன வழி?

காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரிந்துவிடும். ஜன்னலின் கீழ்க் கண்ணாடியில் தாள் ஒட்டினோம். அயலான் வந்துபோன வேலி இடுக்கை அடைத்தோம். கொல்லையில் இரவில் சோறு வைப்பதை நிறுத்தினோம்.

அடுத்தது முக்கியமானது. ஆண் பூனைக்கு ஏறத்தாழ ஆறு மாத வயதில் இனப்பெருக்கப் பருவம் தொடங்குகிறது. அதையொட்டிக் காயடிக்கும் சிறு அறுவைச் சிகிச்சையைக் கால்நடை மருத்துவர் செய்துவிட்டால் குறியிடல் பெரும்பாலான பூனைகளில் நின்றுவிடும், அல்லது வெகுவாகக் குறைந்துவிடும். பெட்டைகளும் குறியிடுவது உண்டு. அவற்றுக்கும் கருத்தடைச் சிகிச்சை இருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட் 1984-இல் ஒரு சக ஆய்வாளருடன் வெளியிட்ட ஆய்வில், பருவம் வருமுன்பே சிகிச்சை பெற்ற பூனைகளில் ஆண்களில் நூற்றுக்குப் பத்தும் பெட்டைகளில் நூற்றுக்கு ஐந்தும் மட்டுமே பின்னாளில் குறியிடுவதாகக் கண்டார். எங்கள் கடுவனுக்கும் சிகிச்சை செய்வித்தோம். மகள் வைத்திருந்த நோட்டில் குறிகளின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் குறைந்து வந்தது.

அடித்தால் நிற்குமா? நிற்காது. பயந்த பூனை தன் இடம் பறிபோகிறது என்றே எண்ணும். மேலும் அதிகமாகக் குறியிடும். நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதற்கு ஒப்பானது அது.

நாற்றம் ஏன் போகமாட்டேன் என்கிறது?

பழைய கடிதத்தை அழிக்காவிட்டால் பூனை அதன்மேலேயே புதிதாக எழுதும். ஆனால் அழிப்பது எளிதல்ல. ஒரு செங்கல்லின் நுனியைத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். ஈரம் மேலே மேலே ஏறும். நுண்புழை ஏற்றம் இது. சுண்ணாம்புச் சுவர், சிமெண்டுத் தரை, மரப்பலகை எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழைகள் உள்ளன. சிறுநீர் அவற்றின் வழியே உள்ளே போய்விடுகிறது. மேலே துடைத்தால் மேலே இருப்பதுதான் போகும். சுவர் மீண்டும் ஈரமாகும் மழை நாட்களில், போய்விட்டது என்று நினைத்த நாற்றம் திரும்பி வருவதும் இதனால்தான்.

இன்னொரு பக்கம் பாக்டீரியாக்கள் தம் வேலையைச் செய்கின்றன. சிறுநீரிலுள்ள யூரியாவை அவற்றின் 'யூரியேஸ்' என்ற என்சைம் அமோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. கண்ணை எரிக்கும் நெடி அந்த அமோனியாவினுடையது.

நம் வீடுகளில் உடனே கைக்கு வருவது ஃபினாயில். வேண்டாம்! ஃபினால் இனப் பொருள்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஃபினாயில் தெளித்த தரையில் நடந்த பூனை, தன் பாதத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போய்விடும். பிளீச்சிங் பவுடரும் கூடாது. அது அமோனியாவுடன் சேர்ந்து 'குளோரமின்' என்ற மூச்சைத் தாக்கும் வாயுவை உண்டாக்கும். அமோனியா கலந்த தரைக் கழுவிகளோ பூனைக்கு இன்னொரு பூனையின் கடிதம்போலவே தோன்றும்.

சரியான முறை எளிது. ஈரமாக இருக்கும்போதே பழந்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். என்சைம் கலந்த சலவைத் தூள் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு வெதுவெதுப்பான நீர் சேர்த்து அந்த இடத்தைச் சற்று நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். என்சைம் புரோட்டீன்களை வெட்டிவிடும். பின்பு தூய நீரால் அலசுங்கள். காய்ந்ததும், அடுப்போ விளக்கோ எரியாத நேரத்தில், பெரியவர்கள் துணையோடு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடையுங்கள். நன்கு காயும்வரை பூனையை அங்கே விடாதீர்கள். வண்ணம் போகுமா என்று மறைவான மூலையில் முதலில் சோதித்துக்கொள்வது நல்லது.

உட்காரும் பூனைக்கு ஓர் இடம்

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். மண் தரையும் கொல்லையும் இருந்தவரை பூனைக்குக் கஷ்டமில்லை. இப்போது வாசல்வரை சிமெண்டு, கொல்லைவரை டைல்ஸ். அடுக்குமாடி வீடுகளில் மண்ணைக் கண்ணால் காண்பதே அரிது. பறிப்பதற்கு மிருதுவாக ஏதாவது கிடைக்காதா என்று தேடும் பூனைக்கு உங்கள் மெத்தைதான் அகப்படுகிறது!

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1947 ஜனவரியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி சுவையானது. பூனைக்காக வைத்திருந்த மணல் குவியல் குளிரில் உறைந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண்மணி சாம்பலைப் போட்டுப் பார்த்தார். வீடெங்கும் கரிய பாதச் சுவடுகள்! அண்டையில் இருந்த எட்வர்ட் லோவ் என்பவரிடம் மணல் கேட்டார். தொழிற்சாலைத் தரைகளில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்கான களிமண் குருணை லோவ் குடும்பத்தின் வியாபாரம். அதில் கொஞ்சம் கொடுத்தார். அவ்வளவுதான், பூனைக்கான களிமண் விற்பனை பெரிய தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அந்தக் களிமண் வேறொன்றுமல்ல, முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டியின் இனந்தான். 1980-களில் 'பெண்டோனைட்' என்ற களிமண் வந்தது. அதன் மெல்லிய அடுக்குகளுக்கு இடையே நீர் புகுந்ததும் அது பல மடங்கு உப்பிக் கட்டியாகிவிடும். அந்தக் கட்டியை மட்டும் அள்ளி எறியலாம்.

விலை கொடுத்து வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பூனை தாராளமாகத் திரும்பக்கூடிய அகலமான பிளாஸ்டிக் பேசினில் நான்கு செ.மீ. ஆழத்துக்குச் சலித்த மணல் போதும். நான்கு விதிகளை மறவாதீர்கள்.

ஒன்று: நாள்தோறும் அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். நாறும் தட்டைப் பூனை தொடாது. இரண்டு: சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, சந்தடியில்லாத, ஆனால் தப்பிச் செல்ல வழியுள்ள இடத்தில் வைக்க வேண்டும். மூன்று: பூனைகளின் எண்ணிக்கையைவிடத் தட்டு ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு பூனைக்கு மூன்று தட்டு. நான்கு: வாசனைத் திரவியம் எதுவும் தெளிக்கக் கூடாது. நமக்கு மணப்பது அதற்கு மணக்காது. மணலை அள்ளியபின் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். வீட்டில் கருவுற்ற பெண்கள் இருந்தால் அவர்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். பூனை மலத்தின் வழியே பரவக்கூடிய 'டாக்ஸோபிளாஸ்மா' என்ற ஒட்டுண்ணி சிசுவைப் பாதிக்கலாம்.

உயிருக்கு ஆபத்தான அறிகுறி

தட்டும் சுத்தம், இடமும் அமைதி. ஆனாலும் பூனை கண்ட இடத்தில் உட்காருகிறது. அப்படியானால் அதைக் குற்றவாளியாகப் பார்க்காதீர்கள். நோயாளியாகப் பாருங்கள்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது தாமிரபரணிக் கரையில் ஆச்சி வீட்டில் ஒரு சாம்பல் நிறக் கடுவன் இருந்தது. ஒரு கோடை விடுமுறையில் அது வீட்டில் மூலைக்கு மூலை உட்கார ஆரம்பித்தது. சமையலறையில், தாழ்வாரத்தில், சாமி அறை வாசலில். நெடுநேரம் உட்காரும். எழுந்தால் அந்த இடத்தில் இரண்டு துளிதான் இருக்கும். சில சமயம் அதுவும் இராது. அடித்தொண்டையில் ஒரு சத்தம் போடும். பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கும். "நேத்து விளக்குமாத்தால அடிச்சேன்லா, அதான் பழிவாங்குது" என்றார் ஆச்சி. மறுநாள் சாமி அறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. மாமா சாக்கை எடுத்தார். சைக்கிளின் பின்னால் சாக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போனவன் நான்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவிழ்த்துவிட்டபோது அது ஓடவில்லை. இரண்டடி நடந்து மறுபடியும் உட்கார்ந்தது.

அந்த இரண்டு துளிகளின் பொருள் பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. பௌதிகப் பாடத்தில் பாய்சொய் விதியை நீங்கள் படிப்பீர்கள். குழாயின் வழியே ஒரு விநாடியில் பாயும் திரவத்தின் அளவு, குழாய் ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆரம் பாதியானால் பாய்வு பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகிவிடும்! கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் பெட்டையினுடையதைவிட நீளம். துவாரமும் மிகக் குறுகல். சிறுநீர்ப்பை அழற்சியாலோ, நுண்படிகங்களும் சளியும் சேர்ந்த அடைப்பாலோ அது இன்னும் குறுகினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். முழுவதும் அடைபட்டுவிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இருதயம் தடுமாறும். இரண்டு மூன்று நாட்களுக்குள் உயிரே போய்விடும். மருத்துவரோ மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி, அடைப்பை நீக்கிப் பிழைக்க வைக்க முடியும்.

ஆகவே, ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கி, துளித்துளியாகக் கழித்தாலோ, ஒன்றுமே கழிக்காவிட்டாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இராதீர்கள். அன்றே கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். வலி என்று எண்ணிப் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது கொடிய விஷம். இதேபோல், ஒரு பூனை வழக்கத்துக்கு மாறாக மிக அதிகமாகத் தண்ணீர் குடித்து, மிக அதிகமாகக் கழித்தால் நீரிழிவோ சிறுநீரக நோயோ இருக்கலாம். கிழட்டுப் பூனைக்கு மூட்டு வலியினால் உயரமான விளிம்புள்ள தட்டில் ஏற முடியாமலும் போகலாம். வீடு மாறுதல், புதிய குழந்தை, புதிய நாய் போன்ற மனநெருக்கடியால்கூடச் சில பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சி வருவதுண்டு.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பூனைமேல் இந்தக் குற்றச்சாட்டு எழுந்தால் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுங்கள். தேதி, நேரம், இடம், நின்றதா உட்கார்ந்ததா, சுவரிலா தரையிலா, அதிகமா துளியா, அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது என்று ஏழு கட்டங்கள் போடுங்கள். 'முக்கியும் வரவில்லை' என்று ஒரே ஒரு வரி எழுத நேர்ந்தாலும் நோட்டை மூடிவிட்டு நேரே மருத்துவரிடம் போங்கள். மற்றவற்றுக்கு இரண்டு வாரம் தொடர்ந்து எழுதுங்கள். காரணம் பெரும்பாலும் அந்தக் கட்டங்களுக்குள்ளேயே அகப்பட்டுவிடும்.

பூனைக்கு நம் மொழி தெரியாது. அதன் மொழியைக் கொஞ்சம் படித்துக்கொள்ள நம்மால் முடியும். ஆச்சி வீட்டுக் கடுவன் மூன்று நாட்களாக எங்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டே இருந்தது. அன்று வீட்டில் ஏழு பேர் இருந்தோம். படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இனி உங்கள் வீட்டில் யாராவது சாக்கை எடுத்தால், நோட்டை நீட்டுவதற்கு நீங்கள் இருப்பீர்கள் அல்லவா?